முடிவெட்டப் போன ஒரு மணி நேரம்

…பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க சார், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, என்கிறார் ஆலோசகர் மேடம், காகிதத்தில் நெளிந்து போகும் கோட்டில் ஓரிடத்தை விரல் நுனியால் தொட்டுக் காட்டுகிறார், அங்கே மட்டும் கோடு பள்ளத்தில் இறங்கிக் கிடக்கிறது, பள்ளம் என்றால் நல்லதாம், மூளை ஓய்வாக இருக்கிறது என்று அர்த்தமாம், மேடு வந்தால்தான் கவலைப்பட வேண்டுமாம், மூணு ஞாயித்துக்கிழமையிலும் சேர்த்து உங்களுக்குக் கிடைச்சது இந்த ஒரு மணி நேரம்தான் சார், அது என்னவோ அதையே தினமும் பண்ணுங்க, என்று சிரிக்கிறார், என் மகளைவிடப் பதினைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம், நானும் சிரித்து வைக்கிறேன், வேறு என்ன செய்ய, அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நான் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தேன், எனக்கு முன்னால் மூன்று பேர், அட்டை கிழிந்த பழைய பத்திரிகை, காதோரம் கத்தரிச் சத்தம், ஆக அந்த ஒரு மணி நேரமும் என் தலை சலூனில் இருந்தது, மூளை அலையைப் பதிய இவர் கொடுத்த பட்டையோ வீட்டில் இருந்தது, என் மனைவியின் நெற்றியில். இதை எப்படி இவரிடம் சொல்வது. தினமும் வெட்டிக்கொள்ள என் தலையில் அப்படி என்ன முடி இருக்கிறது.

நான் கிரேன் ஓட்டுகிறவன். கட்டடம் எழும்புகிற இடத்தில் எல்லாருக்கும் மேலே, இரும்புக் கோபுரத்தின் உச்சியில், ஓர் ஆள் உட்காருகிற கூண்டுக்குள் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், கீழே நிற்கிற சிக்னல்காரர், எல்லாரும் அவரை மீசை என்றுதான் கூப்பிடுவோம், அவர் வாக்கி டாக்கியில் சொல்கிற ஒற்றைச் சொல்லுக்கு என் கை நகரும், தூக்கு, நிறுத்து, இறக்கு, இடது, போதும், அவ்வளவுதான் பேச்சு, அங்கே இரண்டாவது வார்த்தைக்கு நேரம் கிடையாது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காற்று நாளில் கம்பிக்கட்டு ஒன்று என் பிடிக்கு அடங்காமல் ஆடி, கீழே குனிந்து வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரின் தலைக்கு ஒரு சாண் மேலே போய்த் திரும்பியது, அவருக்கே தெரியாது, பார்த்தது மீசை ஒருவர்தான், பார்த்து அண்ணே, என்று மட்டும் சொன்னார், அதற்கப்புறம் அதைப்பற்றி அவரும் பேசவில்லை நானும் பேசவில்லை, ஆனால் அன்றிலிருந்து கைப்பிடியைத் தொட்டால் உள்ளங்கை ஈரமாகிவிடுகிறது, மத்தியானம் மூன்று மணிக்கு இறங்கி வந்த பிறகும் விரல்கள் கொஞ்ச நேரம் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பட்டை வந்து சேர்ந்தது. கிரேன் ஆட்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொன்று, நெற்றியில் மாட்டுகிற கறுப்புப் பட்டை, உட்பக்கம் சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளி வட்டங்கள், வீட்டில் ஓய்வாக இருக்கும்போது போட்டுக்கொள்ள வேண்டும், தினமும் நாலு மணியிலிருந்து எட்டு வரை, ஞாயிறென்றால் காலை பத்திலிருந்து, மூளையின் அலைகளை அதுவே பதிந்து வைத்துக்கொள்ளுமாம், நம் கைபேசி பக்கத்தில் வந்ததும் அதற்குத் தள்ளிவிடுமாம். இது மனசைப் படிக்கிற மிஷின் இல்லை, யாரையும் வேலையைவிட்டு எடுக்கறதுக்கு இல்லை, உங்க மனநலத்துக்குத்தான், என்று இதே ஆலோசகர் இதே தகர அறையில் வைத்துச் சொன்னார். நாங்கள் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கோடு சரியில்லாதவனைக் கூண்டிலிருந்து இறக்கித் தரையில் கயிறு பிடிக்க விட்டுவிடுவார்கள் என்று அன்றைக்கே பேச்சாகிவிட்டது, என் தலையை இந்தப் பட்டையிடம் கொடுத்தால் கம்பிக்கட்டு ஆடியது முதல் உள்ளங்கை ஈரம் வரை எல்லாம் கோடாக வந்து நிற்கும், அப்போதுதான் அந்த யோசனை, அதை நினைத்து நான் என்னையே மெச்சிக்கொள்ளவும் செய்தேன், வெட்கக்கேடு, உலகத்திலேயே அமைதியான ஒரு தலை என் வீட்டிலேயே இருக்கும்போது நான் எதற்குக் கவலைப்பட வேண்டும். என் மனைவி அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு பாத்திரம் ஓசையாக விழுந்ததில்லை, கூட வேலை செய்கிறவர்கள் வீட்டுச் சண்டையைப் பற்றிப் புலம்பும்போதெல்லாம் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறையாக, எங்க வீட்டிலே சத்தமே இருக்காதுப்பா, என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு இதைப் போட்டா தலைவலி வருது, நீ போட்டுக்கோ, என்று அவளிடம் கொடுத்தேன். உங்க வேலைக்கு ஏதாவது வந்துடுமாங்க, என்றாள். ஒண்ணும் வராது, என்றேன். சரி, தலையைத்தானே கேக்கறீங்க, கழுத்தைக் கேக்கலையே, என்று வாங்கி மாட்டிக்கொண்டாள், மகள் அதைப் பார்த்துவிட்டு, அம்மா ராணி மாதிரி இருக்கே, என்று குதித்தாள், மகளுக்கு வாலு என்று பெயர் வைத்தது நான்தான், ஆனால் அவளை வாலாக நான் பார்த்தது எப்போது என்று கேட்டால்… நான் சத்தம் என்று சொன்னேன், குதிப்பது நின்றது. ஆமாம், அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன்.

வாரநாட்களைப் பாருங்க சார், என்று ஆலோசகர் அடுத்த காகிதத்தை எடுக்கிறார், நாலு மணிக்குக் கோடு நல்லாவே இருக்கு, வேலை முடிஞ்சு வந்து உக்காந்திருக்கீங்க, அஞ்சு மணிக்கும் நல்லா இருக்கு, அப்புறம் தினமும் ஏதோ ஒரு நேரத்திலே, இதோ இந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு பத்து, புதன் அஞ்சு அம்பது, வியாழன் ஆறரை, ஒரே நிமிஷத்திலே விறுவிறுன்னு ஏறுது, ஏறினது எட்டு மணிக்கு நீங்க பட்டையைக் கழட்டற வரைக்கும் இறங்கவே இல்லை, அந்த நேரத்திலே வீட்டிலே என்ன நடக்குது சார்? நான் கூரையைப் பார்க்கிறேன், தகரக் கூரையில் ஆணி அடித்த இடம் துருப்பிடித்திருக்கிறது. என்ன நடக்கிறது. ஒன்றும் நடப்பதில்லையே. செவ்வாய்க்கிழமை… மூன்று மணிக்கு இறங்கியதும் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன், கை ஆடுவது அடங்கட்டும் என்று, வேலையின் கசட்டையெல்லாம் வெளியிலேயே கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கொள்கை வைத்திருக்கிறவன் நான், வீட்டில் கேட்டால் வேலை கூடுதல் என்று சொல்லிக்கொள்வது, அப்படி உட்கார்ந்து எழுந்து போய்ச் சேர அஞ்சு அம்பதும் ஆகும், ஆறரையும் ஆகும், செவ்வாய்க்கிழமை பஸ் சீக்கிரம் வந்தது, வீட்டுக்குள் நுழையும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு… அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், இதிலே பாதி மூளை அலைகூட இல்லை சார், தசை, தாடையை இறுக்கிப் பல்லோட பல்லை அழுத்திக்கிட்டே இருந்தா நெத்தியிலே இருக்கற பட்டையிலே இப்படித்தான் விழும், உங்களுக்குப் பல் தேய்ஞ்சிருக்கான்னு டாக்டர் யாராவது சொல்லியிருக்காங்களா? எனக்குச் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னார். போன மாதம் பல் டாக்டர் அவள் கடைவாய்ப் பற்கள் இரண்டும் தட்டையாகிக் கிடக்கின்றன என்றார், கனவிலே யாரைக் கடிக்கிறே, என்று நான் கேட்டு நானே சிரித்தேன், அவளும் சிரித்தாள், ஆனால் உடனே இல்லை, முதலில் என் முகத்தைப் பார்த்தாள், நான் நிஜமாகத்தான் சிரிக்கிறேனா என்று பார்த்துவிட்டு அப்புறம் சிரித்தாள். அந்தப் பார்வை இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. ஆறு பத்து.

ஆறு பத்துக்கு நான் வீட்டுக்குள் வருகிறேன் மேடம், அதுதான் நடக்கிறது, அதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. சொல்லவில்லை. அது என் தலை இல்லை மேடம் என்றுகூடச் சொல்லவில்லை, நாக்கு நுனி வரை வந்தது, சொல்லியிருக்கலாம், ஏமாற்றியதற்கு என்ன செய்துவிடுவார்கள், கூண்டு போய்விடும் என்றால் அது எப்படியும் போய்விட்டது, எவ்வளவு சாமர்த்தியமாகக் கணக்குப் போட்டேன், உள்ளங்கை ஈரத்தை மறைக்கப் போய் இதைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்து வைத்துவிட்டேன், ஆனால் வாயை அடைத்தது அந்தப் பயமும் இல்லை, சொன்னால் அவர் அடுத்ததாக, அப்ப யாரோட தலை சார், என்று கேட்பார், ஒரே ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்லிவிட்டு இந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பது. காது மடல் இரண்டும் சுடுகின்றன. அவரோ என்னைப் பார்த்து இரக்கப்படுகிறார், இவ்வளவு நாளா இதையெல்லாம் உள்ளேயே வெச்சுக்கிட்டு எப்படி சார் இருந்தீங்க, யார்கிட்டேயும் சொல்லலையா, என்று கேட்கிறார், குரல் தழைந்துவிட்டது, கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை என் பக்கம் நகர்த்துகிறார், எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கிறது, இது அவளுக்குச் சேர வேண்டிய கேள்வி, அவளுக்குச் சேர வேண்டிய தண்ணீர், நான் எடுத்துக் குடிக்கிறேன், அதையும் குடிக்கிறேன். பிறகு ஒரு கடிதத்தை மடித்து உறையில் போட்டுக் கொடுக்கிறார். மூணு வாரம் சம்பளத்தோட ஓய்வு. வீட்டிலேயே இருங்க சார், குடும்பத்தோட இருங்க, நாள் முழுக்க அவங்ககூட இருங்க, பட்டையையும் போட்டுக்கங்க, எவ்வளவு இறங்குதுன்னு பார்ப்போம். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இன்றைக்கு டீக்கடையில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயம், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன், ஜன்னலோரம், சட்டைப் பையில் உறை நெஞ்சைக் குத்துகிறது, மூன்று வாரம், இருபத்தொரு நாள், காலையிலிருந்து இரவு வரை நான் வீட்டில் இருப்பேன், அதுதான் மருந்தாம்… நான் என்ன அப்படிப்பட்ட ஆளா. கை நீட்டியதே இல்லை. சத்தியமாக ஒரு நாள்கூட இல்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, கத்தியதுகூட இல்லை, பக்கத்து வீட்டில் கேளுங்கள், எங்கள் வீட்டுச் சத்தம் யாருக்கும் கேட்டதில்லை, உள்ளே நுழைந்ததும் நான் செய்வதெல்லாம் என்ன, செருப்பு கோணலாகக் கிடந்தால் அதைப் பார்ப்பேன், பார்ப்பது தப்பா, ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் விளக்கு என்பேன், கதவு திறந்து கிடந்தால் கதவு, டிவி அதிகமாக இருந்தால் சத்தம், ஒரே சொல், அந்தச் சொல்லுக்கு யாராவது எழுந்துபோய் அதைச் செய்வார்கள், முடிந்தது, மேலே கூண்டில் அப்படித்தான், அப்படி இருந்தால்தான் கீழே நிற்கிறவன் உயிரோடு வீட்டுக்குப் போவான்… ஆனால் மீசை, அவர் அப்படி இல்லையே, மதியச் சாப்பாட்டுக்கு இறங்கினால் வாக்கி டாக்கியை அணைத்து இடுப்பில் செருகிவிட்டு, அண்ணே, எங்க வீட்டுக் குட்டி நேத்து என்ன பண்ணுச்சு தெரியுமா, என்று ஆரம்பித்தால் மணி அடிக்கும் வரை ஓயமாட்டார், அவருக்கு அணைக்கத் தெரிந்திருக்கிறது. வாலு நான் வந்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள், அப்பா வந்தா படிப்பு தானா வரும் எங்க வீட்டிலே, என்று போன வாரம்கூட ஒருவரிடம் பெருமையடித்தேன், கேட்டவர் பேச்சை மாற்றினார், ஏன் மாற்றினார், எல்லாருக்கும் தெரியுமோ, எனக்கு மட்டும் தெரியவேண்டியதுதான் பாக்கியோ. அவள் என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நிமிஷம் கோபம்கூட வந்தது, எவ்வளவு நல்ல கோபம், அதையும் அவள் தலையிலேயே கட்டிவிடலாம் என்று. இறங்க வேண்டிய இடம் தாண்டி ஒரு நிறுத்தம் போய்விட்டேன்.

நடந்து திரும்பினேன், எங்கள் குடியிருப்பு மூன்றாவது மாடி, இரண்டாவது மாடித் திருப்பத்தில் எப்போதும் ஒரு தடவை இருமுவேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதுதானே மரியாதை என்று நினைத்திருந்தேன், இன்றைக்கு அந்தத் திருப்பத்தில் இருமல் தானாகவே தொண்டைக்கு வந்தது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அதை விழுங்கினேன், கண்ணில் நீர் வந்துவிட்டது, இந்த இருமலுக்கு அவர்கள் எத்தனை வருஷமாகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இது கேட்டதும் என்னென்ன அணைக்கப்பட்டது, எதெல்லாம் இடத்துக்குப் போனது. மெல்ல ஏறினேன். நாலே முக்கால். கதவுக்கு வெளியே நின்றேன், உள்ளே டிவி சத்தமாக ஓடுகிறது, கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம், எல்லா விளக்கும் எரிகிறது போல, அப்புறம் ஒரு சிரிப்பு, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், அப்படி ஒரு சிரிப்பு, மூச்சு வாங்கி, முடியாமல், மேஜையைத் தட்டிக்கொண்டு, அது என் மனைவி என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. பாக்கெட்டில் கைபேசி லேசாக அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தால் பட்டை தொடர்புக்கு வந்துவிட்டது, நாலு மணிக்கே ஒழுங்காக மாட்டிக்கொண்டிருக்கிறாள், நான் சொன்னதாயிற்றே, திரையில் கோடு நகர்ந்துகொண்டிருக்கிறது, கீழே, பள்ளத்தில், சிரிப்புக்கு மட்டும் கொஞ்சம் துள்ளிவிட்டு மறுபடி பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

உள்ளே வாலு தொண்டையை இறுக்கிக்கொண்டு தடித்த குரலில் பேசினாள். விளக்கு. ஒரு இடைவெளி. கதவு. மறுபடி என் மனைவி சிரித்தாள், ஏய் போதும்டி, அப்பா வந்துடப்போறார், என்றாள். இப்பவா, இன்னும் அஞ்சு மணிகூட ஆகலை, என்று சொல்லிவிட்டு மகள் ஒரு இருமல் இருமினாள், அச்சு அசல் என் இருமல், திருப்பத்தில் இருமுகிற அதே இருமல், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். கோபம் வர வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன், வரவில்லை, முகமெல்லாம் எரிந்தது, பெற்ற மகள் என்னை இரண்டு சொல்லிலும் ஒரு இருமலிலும் முழுசாக முடித்துவிட்டாள், விட்டுப்போனது என்று எதைச் சொல்வேன். திரும்பிப் போய்விடலாமா, டீக்கடை அங்கேயேதான் இருக்கும், ஆறு பத்துக்கு வரலாம், இன்னும் ஒரு மணி நேரத்துக்குமேல் இவர்களுக்கு மிச்சம் இருக்கிறது, ஆனால் நாளைக்கு, நாளை மறுநாள், இருபத்தொரு நாளைக்கும் எங்கே போய் உட்காருவேன், தினமும் யார் எனக்கு முடிவெட்டிவிடுவார்கள். உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அந்தக் கோடு உன்னுடையது என்று, அதைப் பார்த்தேன் என்று, எனக்கு மேலே பயமாக இருக்கிறது என்றுகூட, முழு வாக்கியமாக, எழுவாயிலிருந்து ஆரம்பித்து. சாவியைத் துளையில் வைத்தேன். திருப்பக்கூட இல்லை, உலோகம் உலோகத்தில் பட்ட அந்தச் சின்னச் சத்தம்தான், உள்ளே சிரிப்பு பாதியில் நின்றது, டிவி நின்றது, கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் ஒன்று குறைந்தது.

வந்துட்டீங்களா, இன்னைக்குச் சீக்கிரமாவே வந்துட்டீங்க, என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து. எவ்வளவு அமைதியான குரல், ஒரு சுளிப்பு இல்லை, அவசரம் இல்லை, பதினோரு வருஷமாக ஒவ்வொரு நாளும் என்னைக் கதவருகில் வரவேற்கிற அதே குரல், இந்தக் குரலை நம்பித்தானே அவள் தலையைக் கேட்டு வாங்கினேன். இடது கையில் கைபேசித் திரை வெளிச்சமாக இருந்தது, கோடு ஏறிக்கொண்டிருந்தது, ஆலோசகர் சொன்ன மாதிரியே, விறுவிறுவென்று. ஏதாவது பேச வேண்டும், உடனே, அன்பாக, நான்தான்மா, பயப்படாதே, கதவை நானே திறந்துக்கறேன், நீங்க சிரிச்சுக்கிட்டே இருங்க, என்று எல்லாம் நெஞ்சில் வரிசையாக வந்து நின்றன. வாயைத் திறந்தேன். கதவு, என்றுதான் வந்தது. உள்ளே இரண்டு பேரும் எழுந்து ஓடிவருகிற சத்தம் கேட்டது. சாவி என் கையில்தான் இருந்தது.